ஒன்பதாவது வரி

“படகை எடுக்கறதுக்கு முன்னாடி தலையை எண்ணிடு மாப்பிள்ளை. எண்ணும்போது உன்னை...”

மாமனார் சொன்னது இதுவரைக்கும் மாஸ்டருக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. அதற்கு மேல் அவர் சொன்னது “சேர்த்து எண்ணு” என்பதா, “சேர்க்காம எண்ணு” என்பதா என்பதுதான் பதினோரு வருஷமாகத் தீராத சந்தேகம். சரியாக அந்த நேரம் பார்த்து மச்சான் இன்ஜினை முடுக்கிவிட்டான். அடுத்த மாதமே மாமனார் திருப்பிக் கேட்க முடியாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். படகு மகனுக்குப் போனது. மருமகனுக்குப் பாதி வாக்கியம் கிடைத்தது.

மாஸ்டர் என்றால் டைவ் மாஸ்டர். கடலுக்கு அடியில் மீன் பார்க்க ஆசைப்படுகிறவர்களைப் படகில் கூட்டிப் போய், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, கீழே இறக்கிச் சுற்றிக் காட்டி, போன அத்தனை பேரையும் மேலே கொண்டுவந்து சேர்க்கிறவர். கடைசியில் சொன்னதுதான் தொழில், மற்றதெல்லாம் உபசாரம் என்பது அவர் கட்சி. பாதி வாக்கியத்தால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. தன்னைச் சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை என்று இரண்டு விதமாகவும் எண்ணிவிடுவார். இரண்டுக்கும் ஒன்று வித்தியாசம் வந்தால் சந்தோஷமாகப் படகை எடுக்கச் சொல்வார்.

இப்படி இருக்கையில்தான் நீரடி விருந்தினர் எதிர்பார்ப்பு இயக்ககம் தோன்றியது.

யாரோ ஒருவர், கடலடியில் தம்முடைய எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்று மனு கொடுத்தாராம். விசாரித்ததில், என்ன எதிர்பார்த்தோம் என்பது அவருக்கே தெரியவில்லை என்று தெரியவந்தது. இந்த அவலம் இனி எந்தக் குடிமகனுக்கும் நேரக் கூடாது என்று மேலிடம் முடிவு செய்தது. குழு அமைந்தது. குழுவில் நீந்தத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. இருந்தால் பாரபட்சம் வந்துவிடும். பதினான்கு மாதம் கரையில் உட்கார்ந்து ஆலோசித்த பிறகு, “டைவ் மாஸ்டரிடம் விருந்தினர் எதிர்பார்க்க வேண்டியவை” என்று நாற்பத்தொரு அம்சச் சாசனம் வெளியானது.

மாஸ்டர் சிரித்த முகத்தோடு இருப்பார் என்பது முதல் அம்சம். ஒவ்வொரு விருந்தினருக்கும் டால்பின் வடிவில் மடித்த டவல் ஒன்று தரப்படும் என்பது ஒன்பதாவது. மீனின் பெயரைத் தவறாகச் சொல்லி விருந்தினரின் மனதையோ மீனின் மனதையோ புண்படுத்தமாட்டார் என்பது பதினாறாவது. ஆமை தென்படும் என்பது இருபத்துமூன்றாவது. ஆமைக்கு இதன் நகல் அனுப்பப்பட்டதா என்று தெரியவில்லை.

எண்ணுவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. வரைவில் இருந்ததாம். விருந்தினரை விரல் நீட்டித் தலை தலையாக எண்ணுவது ஆடு மாட்டை எண்ணுவது போலாகும், கண்ணியத்துக்கு இழுக்கு என்று ஓர் உறுப்பினர் கண் கலங்கவே, குழுவும் கலங்கி, அந்த அம்சத்தை எடுத்துவிட்டு, தலை எண்ணவும் வாய்மொழியாகத் தடை போட்டது. அதற்குப் பதிலாக ஒரு பதிவேடு வந்தது. அதில் ஆளுக்கு ஒரு வரி. “இறங்கினேன்” என்று ஒரு கையெழுத்து, “ஏறினேன்” என்று ஒரு கையெழுத்து. படகில் எட்டு விருந்தினருக்கு அனுமதி; ஆகவே எட்டு வரி. ஒன்பதாவது வரி மாஸ்டருக்கு.

முதல் மாதம் பதிவேடுகள் தலைமை அலுவலகம் போய்ச் சேர்ந்தன. “இறங்கினேன்” எல்லாம் முத்து முத்தாக இருந்தது. “ஏறினேன்” எல்லாம் மை கரைந்து, மேகம் மேகமாக இருந்தது. கடலிலிருந்து ஏறுகிறவர்களின் கை ஈரமாக இருக்கிறது என்ற உண்மையை இயக்ககம் மூன்று வார ஆய்வில் கண்டுபிடித்தது. உடனே சுற்றறிக்கை பறந்தது. “மேற்படி ‘ஏறினேன்’ கையெழுத்தை, கை ஈரமாவதற்கு முன்னரே, அதாவது இறங்குவதற்கு முன்னரே பெற்றுக்கொள்ள வேண்டும். டைவுக்குப் பின் பதிவேட்டில் எழுதப்படும் எதுவும் மோசடித் திருத்தமாகக் கருதப்படும்.”

அன்றிலிருந்து அந்தக் கடலில் எல்லோரும் போவதற்கு முன்பே பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். விபத்து விகிதம் பூஜ்யம் என்று இயக்ககம் மலர் வெளியிட்டது.

மாஸ்டர் கையெழுத்தை வாங்கிக்கொண்டார், எண்ணுவதையும் விடவில்லை. ஆள் பார்க்காதபோது, மாஸ்க்குகளை அடுக்குகிற சாக்கில் கண்ணாலேயே எண்ணிக்கொள்வார்.

ஆள் பார்க்கிற நாளும் வந்தது. உரிமம் புதுப்பிக்கும் ஆய்வு. எதிர்பார்ப்பு ஆய்வாளர் அலுவலக ஷூவோடு, சட்டைக்கு மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டி, மடியில் முத்திரை வைக்கும் பெட்டியோடு முன்பலகையில் அமர்ந்திருந்தார். தேறினால் இன்னும் ஐந்து வருஷம். தேறாவிட்டால் மாஸ்டர் கரையில் நின்று கடலைப் பார்க்கலாம். அதற்கு உரிமம் தேவையில்லை.

“அத்தான், இன்னைக்கு மட்டும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க” என்றான் மச்சான், சுக்கானைத் துடைத்தபடி. “அக்கா சொல்லி அனுப்பிச்சா. அவர் கண்ணு முன்னாடி யாரையும் எண்ணாதீங்க.”

“நான் எங்கடா எண்ணுறேன்?”

“மாஸ்க்கை அடுக்கறப்போ உங்க உதடு அசையுது.”

விருந்தினர் எட்டுப் பேர். ஒரே நிற உடையில் ஓர் இளம் ஜோடி. கடலுக்கு வந்தார்களா, கேமராவுக்கு வந்தார்களா என்று சொல்ல முடியாது. தலைமைப் பண்பை வளர்க்க ஓர் அலுவலகம் அனுப்பிய நால்வர். கரையில் வளராத பண்பு இருபது மீட்டர் ஆழத்தில் வளரும் என்பது இப்போதைய நாகரிகம். ஆயிரம் டைவ் முடித்தவர் என்று தாமே சொல்லிக்கொண்டு, அதைப் பனியனிலும் அச்சடித்திருந்த ஒருவர். எட்டாவது, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். பணி ஓய்வுக்குப் பிறகு நீச்சல் குளத்தில் பயின்று சான்றிதழ் வாங்கியவர். ஆயிரத்தாருக்கும் டீச்சருக்கும் ஜோடி போட்டுவிட்டார் மாஸ்டர்.

சாசனத்தை வாசிக்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ஆய்வாளர் கண் மூடி ரசித்தார். மிச்சம் இரண்டு நிமிடத்தில் மாஸ்டர் தம் பாட்டைச் சொன்னார்.

“பாறைத் திட்டோட கடைசியில நீரோட்டம் இழுக்கும், அந்தப் பக்கம் போகாதீங்க. ஜோடியை விட்டுப் பிரியாதீங்க. பிரிஞ்சுட்டா ஒரு நிமிஷம் தேடுங்க. காணலைன்னா மெதுவா மேல வந்து, இந்த ஆரஞ்சுக் குழாயை ஊதிப் பிடிச்சுக்கிட்டு மிதங்க. நான் வருவேன்.”

“இது எத்தனையாவது அம்சம்?” என்று ஆய்வாளர் கண் திறந்தார்.

“இது... சும்மா பொதுவா சார்.”

“பொதுவா எதுவும் சொல்லக் கூடாது.”

பதிவேடு சுற்றி வந்தது. இறங்கினேன், ஏறினேன். எட்டுப் பேரும் போட்டார்கள். மாஸ்டர் ஒன்பதாவது வரியில் “இறங்கினேன்” போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தும்போது டீச்சர் கூப்பிட்டார்.

“தம்பி, ஒரு சந்தேகம். ஏறலியே, அதுக்குள்ள ஏறினேன்னு எழுதிட்டேனே?”

“கை காய்ஞ்சிருக்கறப்பவே போட்டுடணும்மா. சட்டம்.”

“நாப்பது வருஷம் பிள்ளைங்களைச் சுற்றுலா கூட்டிட்டுப் போயிருக்கேன். பஸ்ஸைச் சுத்தி மூணு தடவை எண்ணுவேன். ஒரு பிள்ளையைத் தொலைச்சதில்லை. நீங்க எங்களை எண்ணுவீங்கல்ல?”

மாஸ்டர் ஆய்வாளரைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“எண்ணுவேம்மா. வெளியில சொல்லாதீங்க.”

இந்தப் பேச்சில் ஒன்பதாவது வரியின் இரண்டாம் கட்டம் காலியாகவே நின்றுவிட்டது.

கீழே எல்லாம் வழக்கப்படிதான். தலைமைப் பண்பு நால்வர் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் கோபுரம் கட்ட முயன்று சரிந்தார்கள். ஒருவருடைய காற்றுக்குழாய் இன்னொருவருடைய கால் துடுப்பில் மாட்டிக்கொண்டது. மாஸ்டர் அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, தள்ளி நின்ற ஆயிரத்தார் இரண்டு விரலைக் காட்டி, கட்டை விரலை மேலே உயர்த்தினார். நாங்கள் இரண்டு பேரும் மேலே போகிறோம் என்று அர்த்தம். மாஸ்டர் சரி என்று சைகை காட்டினார். இருபத்துமூன்றாவது அம்சமான ஆமையைத் தேடி ஆயிரத்தார் பாறையைச் சுற்றிய வேகத்தில் அவர் ஜோடியான டீச்சர் பின்தங்கிவிட்டதும், அவர் காட்டிய இரண்டு விரலில் ஒன்று வெறும் நம்பிக்கை என்பதும் மாஸ்டருக்குத் தெரியாது.

கடைசி ஆளாக அவர் ஏணியில் ஏறினார். அன்றைக்குத் தண்ணீர் சில்லென்று இருந்தது. பல் கிட்டித்துக்கொண்டிருந்தவரின் தோளில் ஆய்வாளர் தாமே ஒரு டவலைப் போட்டார்.

“ஒரு டால்பின் மிச்சம் இருந்துச்சு மாஸ்டர். வீணாகக் கூடாதில்லையா?”

பிறகு ஈர டவல் போர்த்தியவர்களை எண்ணினார். ஆளை எண்ணத்தான் தடை. டவலை எண்ணத் தடையில்லை. எட்டு. பதிவேட்டில் “ஏறினேன்” கட்டத்தை எண்ணினார். எட்டு. வாழ்க்கையில் இவ்வளவு பொருந்தி வந்த ஒன்றை அவர் அதிகம் பார்த்ததில்லை. பச்சைக் கொடியை உயர்த்தினார். பச்சைக் கொடி உயர்ந்தால் படகு நகர வேண்டும். கேள்வி கேட்பது தனிக் குற்றம். மச்சான் இன்ஜினை முடுக்கினான்.

அந்தச் சத்தத்தில்தான், பதினோரு வருஷத்துக்கு முந்தைய அதே சத்தத்தில்தான், முகம் துடைத்துக்கொண்டிருந்த மாஸ்டரின் கை நின்றது. விருந்தினர் எட்டு. டவல் எட்டு. அப்படியானால் இது யாருடைய டவல்?

“சேர்க்காம” என்றார் சத்தமாக. “சேர்க்காமன்னுதான்டா சொல்லியிருக்கார்!”

“என்ன அத்தான்?”

“டீச்சர் எங்க? இன்ஜினை நிறுத்துடா!”

எல்லோரும் ஆயிரத்தாரைப் பார்த்தார்கள்.

“எனக்கு முன்னாடியே ஏறியிருப்பாங்க” என்றார் அவர். “நான் ஆயிரம் டைவ் பண்ணியிருக்கேன். இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட இப்படிக் கேட்டதில்லை.”

ஆய்வாளர் பதட்டப்படவில்லை. பதிவேட்டைப் புரட்டி, மாஸ்டரின் மூக்குக்கு நேரே பிடித்தார். “நாலாவது வரி. ‘ஏறினேன்.’ எவ்வளவு அழகான கையெழுத்து பாருங்க.”

“காலையில போட்டது சார் அது!”

“நேரம் குறிக்கப் படிவத்துல இடம் இல்லை.”

“ஆள் இல்ல சார். தலையை எண்ணிப் பாருங்க!”

“தலை கையெழுத்துப் போடுமா மாஸ்டர்?”

மாஸ்டர் படகின் பின்புறம் ஓடினார். தூரத்தில், திட்டின் எல்லையைக் காட்டக் கட்டியிருந்த மிதவைக்குப் பக்கத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு தலையாட்டிக்கொண்டிருந்தது.

“அதோ!”

“அது வேற படகோட விருந்தினரா இருக்கும்” என்றார் ஆய்வாளர். “நம்ம ஆளுங்க எல்லாம் ஏறியாச்சு. அடுத்த படகு ஆளைத் தொடுறது அதிகார வரம்பு மீறல். யோசிச்சுக்கோங்க, உங்க உரிமம் என் மடியில இருக்கு.”

தலைமைப் பண்பு நால்வரில் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “மாஸ்டர், ரெண்டாவது இடம் இருக்கு. இன்னும் ஆமை வரலை. இதைக் கரைக்குப் போய்ப் பேசிக்கலாமே.”

மாஸ்டர் சாவித் துவாரத்திலிருந்து சாவியை உருவினார். இன்ஜின் விக்கி அடங்கியது. சாவியைத் தம் மிதவைச் சட்டையின் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். அடுத்த டைவுக்காக அதில் புது சிலிண்டர் மாட்டி வைத்திருந்தது. அதையே முதுகில் ஏற்றிக்கொண்டு, டவலைப் பலகையில் எறிந்துவிட்டுக் குதித்தார்.

டீச்சர் மிதவைக் கயிற்றை ஒரு கையால், ஆரஞ்சுக் குழாயை மறு கையால் பிடித்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

“பதினேழு நிமிஷம் தம்பி” என்றார். “பயத்துல எண்ணிட்டே இருந்தேன். படகுச் சத்தம் கேட்டப்போ எண்ணிக்கை விட்டுப்போச்சு.”

“வந்துட்டேன்ல, விடுங்கம்மா. மல்லாந்து படுங்க. நான் இழுத்துட்டுப் போறேன்.”

டீச்சரை ஏணியில் ஏற்றி, அவரும் ஏறியபோது யாரும் கை தட்டவில்லை. டீச்சர் பலகையில் கிடந்த மாஸ்டரின் டவலை எடுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். ஆய்வாளர் பதிவேட்டை மடியில் விரித்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ஈர ஆள் ஒன்பது. ‘ஏறினேன்’ எட்டு. ஒருத்தர் அதிகம்.” விரல் வரி வரியாக இறங்கி, கடைசியில் நின்றது. “ஒன்பதாவது வரி காலி. மாஸ்டர், நீங்க இன்னும் திரும்பி வரலை.”

“இதோ நிக்கிறேனே சார்.”

“நிக்கிறது எனக்குத் தெரியுது. பதிவேட்டுக்குத் தெரியலையே.”

“பேனாவைக் குடுங்க, போட்டுடறேன்.”

“டைவுக்கு அப்புறம் எழுதினா மோசடி. உரிமம் மட்டும் இல்லை, படகே போயிடும்.” ஆய்வாளர் ஒரு கையேட்டைப் புரட்டினார். குரல் சற்றே உருகியது. “ஆனா இயக்ககம் யாரையும் கைவிடாது. ‘திரும்பாதவர் எவரேனும் இருப்பின், படகு அதே இடத்தில் மூன்று மணி நேரம் நின்று தேடுதல் வேண்டும்.’ ஒரு நிமிஷம்கூடக் குறைக்க முடியாது. மனித உயிர் பாருங்க.”

படகில் முணுமுணுப்பு எழுந்தது.

“மூணு மணி நேரமா? இந்த மாஸ்டருக்குப் பொறுப்பே கிடையாதா?” என்றார் ஜோடியில் ஒருவர், மாஸ்டரின் முகத்துக்கு நேரே.

“முதல் அம்சமே சிரிச்ச முகத்தோட இருப்பார்ங்கறதுதான். இங்க ஆளே இல்லையே” என்றார் தலைமைப் பண்புத் தலைவர், மாஸ்டரின் முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்தபடி.

“ஆயிரம் டைவ்ல இப்படி ஒரு மாஸ்டரை நான் பார்த்ததில்லை.”

“இப்பவும் பார்க்கலையேன்னுதான் தேடறோம்” என்றான் மச்சான். பிறகு மாஸ்டரின் பக்கம் குனிந்தான். “அத்தான், கோவிச்சுக்காதீங்க. தேடறதுன்னா எங்க தேடறது, தண்ணியிலதானே? நீங்க கொஞ்சம் இறங்கி அந்தப் பக்கமா மிதங்க. நாங்க கண்டுபிடிச்சுடறோம். மூணு மணி நேரம் மிச்சம். அக்காகிட்ட நான் பேசிக்கறேன்.”

ஆய்வாளர் கையேட்டில் தேடிப் பார்த்தார். தடை ஏதும் இல்லை. கண்டெடுத்தோர் படிவத்தில் “கண்டெடுத்த இடம்: கடல்” என்று முன்கூட்டியே அச்சாகியும் இருந்தது. டீச்சர் ஈர டவலுக்குள்ளிருந்து மாஸ்டரை நன்றியோடு பார்த்தார்.

“எனக்காக இவ்வளவு பண்ணிட்டீங்க. இதையும் பண்ணிடுங்க தம்பி. குளிருது.”

மாஸ்டர் சிலிண்டரோடு மறுபடி கடலில் இறங்கி, இருபது வீச்சு நீந்திப் போய்த் திரும்பிப் பார்த்தார்.

“அதோ மாஸ்டர்!” என்று எல்லோரும் கை நீட்டினார்கள். உயிரோடு ஒருவரைக் கண்ட மகிழ்ச்சி அவர்கள் முகத்தில் உண்மையாகவே இருந்தது. ஜோடி படம் எடுத்தது. ஆய்வாளர் படிவத்தில் ‘கண்டெடுக்கப்பட்டார்’ என்ற கட்டத்தில் முத்திரையை ஓங்கி வைத்தார். அந்தச் சத்தம் தண்ணீரில் மாஸ்டர் வரைக்கும் கேட்டது.

“கோப்பு முடிஞ்சது” என்றார் ஆய்வாளர். “எதுக்கும் டீச்சர், நீங்க கணக்கு படிச்சவங்க. ஒரு தடவை சரி பார்த்துடுங்க.”

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நாற்பது வருஷப் பழக்கம்; மூன்று தடவை எண்ணினார். டவல் எட்டு. கையெழுத்து எட்டு. கண்டெடுத்தது ஒன்று. மொத்தம் ஒன்பது.

“சரியா இருக்கு” என்றார்.

பச்சைக் கொடி உயர்ந்தது.

“சார், அத்தான் ஏறட்டும்” என்றான் மச்சான்.

“ஏற்றினதைக் குறிக்கப் படிவத்துல இடம் இல்லைப்பா. இப்ப ஏறினா மறுபடி ஒருத்தர் அதிகமாயிடும். பின்னாடி வேற படகு வரும். கொடி காட்டியாச்சு, எடு.”

மச்சான் மாஸ்டரைப் பார்த்தான். கொடியைப் பார்த்தான். “அத்தான், கோவிச்சுக்காதீங்க” என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னான். அவன் கை தன்பாட்டுக்குச் சாவித் துவாரத்துக்குப் போனது. துவாரத்தைத் தடவியது. சட்டைப் பையைத் தடவியது. பலகைக்கு அடியில் தடவியது.

“சாவி எங்க?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எட்டு விருந்தினரும், ஆய்வாளரும், மச்சானும் ஒரே நேரத்தில் கடல் பக்கம் திரும்பினார்கள்.

“மாஸ்டர்! எங்க மாஸ்டர் இல்ல, வாங்க!” என்றார் தலைமைப் பண்புத் தலைவர்.

“தம்பி, உங்களை எப்படி விட்டுட்டுப் போவோம்!” என்றார் டீச்சர்.

“அத்தான்! அத்தான், அக்கா தேடுவா!”

“உங்க உரிமத்துல இப்பவே முத்திரை வைக்கிறேன் மாஸ்டர்!” என்று ஆய்வாளர் முத்திரைக் கட்டையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

மாஸ்டர் மிதவைச் சட்டையின் பையை வெளியிலிருந்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். ஜிப் மூடியிருந்தது. சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார். நிதானமாக மூச்சு விட்டால் நாற்பது நிமிடத்துக்குக் காற்று இருந்தது. மாஸ்க்கைக் கண்ணுக்கு இறக்கி, காற்றுக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு, கீழே இறங்கினார்.